தங்கச்சியின் யப்பான் அணி ஊருக்கு வந்தபோது

என் தங்கச்சி யப்பானில் ஒரு பெண்கள் தொழில்முறை உதைபந்தாட்ட அணியில் சேர்ந்த அடுத்த வருடக் கோடையில், அந்த அணி முழுவதும் பயிற்சிக்காக ஜேர்மனிக்கு வந்தது. எங்கள் ஊரான கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரெயினில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஒரு விளையாட்டு விடுதியில் தங்கினார்கள். காலையும் மாலையும் பயிற்சி. கடைசி நாளன்று எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு சின்ன மைதானத்தில் உள்ளூர்ப் பெண்கள் அணியோடு நட்பு ஆட்டம் ஒன்று ஏற்பாடாகி இருந்தது.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து அப்பாவின் கால் நிலத்தில் நிற்கவில்லை. தங்கச்சியைச் சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் இரவு முறை வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல், காரில் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே நிற்பார். சத்தம் போட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அவள் இங்கே இரண்டாம் பிரிவில் விளையாடியபோதும் அப்படித்தான். யப்பானுக்குப் போன பிறகு கணினியில் பார்த்தார். இப்போது அவள் அந்த அணியின் சட்டையோடு எங்கள் ஊரிலேயே விளையாடப் போகிறாள். தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கொலோனில் இருந்துகூட இரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொன்னார்கள். அம்மா யப்பான் அணி முழுவதுக்கும் இறைச்சி வைத்துச் சுருட்டும் ரோல்ஸ் சுடுவதென்று முடிவெடுத்து, உறைப்பைக் குறைப்பதா வேண்டாமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் அணிக்கு ஓய்வு கொடுத்தார்கள். தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டிவர நான் விடுதிக்குப் போனேன். வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்தாள். மெலிந்திருந்தாள், தோள்கள் அகன்றிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வெயில் நாள்தான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ரெயினில் ஏறியதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் சிலர் அடுத்த இருக்கைகளில் கத்திக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் விரல்கள் என் கையை இறுக்கின.

"என்னடி?"

"ஒண்டும் இல்ல. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் திடீரென்று எழும்பி, "இறங்குவம்" என்றாள். அது எங்கள் தரிப்பிடம் இல்லை. கதவு மூடமுன் அவள் பின்னால் நானும் குதித்தேன். மேடையில் இருந்த குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள்.

நான் இயன்மருத்துவம் படித்தவள். விளையாட்டு வீரர்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை. தலையில் அடிபட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவளை வாங்கில் இருத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கண்களைச் சுருக்கினாள்.

"தலையில அடி பட்டதோ?"

கண்ணாடியைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

"கேக்கிறன்."

"நேற்றுப் பயிற்சியில. கோர்னர் பந்து. நான் முட்டப் போனன், எங்கட கோல் காப்பாளர் பாஞ்சு வந்தவள். அவளின்ர முழங்கால் இஞ்ச பட்டது." காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள்.

"நினைவு தப்பினதோ?"

"தெரியாது. முழிக்கேக்க புல்லுத் தெரிஞ்சுது."

"வைத்தியருக்குச் சொன்னனியோ?"

"கழுத்துப் பிடிச்சிட்டுது எண்டு சொன்னனான். ஐஸ் வைச்சு விட்டவர்."

"விசரி" என்றேன்.

மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னேன். இது நாங்கள் வேலையில் கேட்கும் சாதாரணக் கேள்வி. டிசம்பர், நவம்பர் என்று தொடங்கி ஒக்டோபரில் நின்றாள். பிறகு ஓகஸ்ட் என்றாள். திரும்பவும் ஒக்டோபர் என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

"உனக்கு மூளை அதிர்ச்சி. இது ஆற முதல் இன்னொரு அடி பட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? மூளை வீங்கும். பிழைக்கிறதே கஷ்டம்."

"அக்கா, புதுப் பயிற்சியாளர். என்ர இடத்துக்கு இன்னொருத்தியையும் எடுத்திருக்கினம். நாளைக்கு மட்ச்சைப் பாத்துத்தான் ஆளை முடிவெடுப்பார். அங்க வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். ஒவ்வொரு நாளும் அவையளை விடக் கூட ஓடினால்தான் என்னைப் பாப்பினம். நான் ஒருக்கா வெளியில இருந்தா, பேந்து வெளியிலதான்." மூச்சு வாங்கினாள். "அதோட அப்பா. அவர் எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறார் எண்டு உனக்குத் தெரியுந்தானே."

"அப்பாவுக்கு நீ உயிரோட இருக்க வேணும்."

"ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டன்."

"அக்கா!"

"நீயே போய் வைத்தியருக்குச் சொல்லு. நாளைக்குக் காலமை வரைக்கும் பாப்பன். நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தாள். அடுத்த ரெயினில் ஏறி வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் அம்மா கோழிக்கறியும் இடியப்பமும் வைத்திருந்தார். தங்கச்சி ஒரு இடியப்பத்தைக் கிள்ளிக் கிள்ளி நேரம் போக்கினாள். அம்மா அவள் மெலிந்ததற்கு யப்பான் சாப்பாட்டைக் குறை சொன்னார். அப்பா எதிரே இருந்து, யப்பானில் பெண்கள் ஆட்டத்துக்கு எவ்வளவு சனம் வரும், புல் எப்படி, சப்பாத்து யார் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். பிறகு என் பழைய அறையில் திரையை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அப்பா மடக்குக் கதிரைகளை எடுக்க நிலவறைக்கு இறங்கியபோது நானும் பின்னால் போனேன்.

"அப்பா, அவளுக்குத் தலையில அடி பட்டிருக்கு. நாளைக்கு விளையாட விடேலாது."

"களைப்பு எண்டாள். நான் கேட்டனான்."

"அவள் உங்களுக்குப் பொய் சொல்லுறாள். வழியில சத்தி எடுத்தவள். மாதங்களின்ர பேர் சொல்லத் தெரியாம நிண்டவள்."

அப்பா ஒரு கதிரையைத் தூக்கியபடி நின்றார். அதன் தூசியைக் கையால் தட்டினார். "நீ ஒவ்வொரு நாளும் நோயாளியளைப் பாக்கிறாய். உனக்கு எல்லாரும் நோயாளியாத்தான் தெரியும்."

"அப்பா!"

"அவள் சின்னப்பிள்ளையே? அவையளுக்கு வைத்தியர் இருக்கிறார்தானே. பிழை எண்டால் அவர் விடுவாரோ?" குரலைத் தணித்துக்கொண்டார். "மகள், இந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ சொல்லி, அவையள் அவளை வேண்டாம் எண்டு விட்டா, அந்தப் பழியை நீ தாங்குவியே?"

அவர் பார்வை என் முகத்தில் நிற்காமல் கதிரைகளுக்குப் போனதைக் கவனித்தேன். அவள் சொன்னதை அவரும் நம்பவில்லை. நம்ப விரும்பினார்.

இரவு அப்பா அவளைக் காரில் விடுதிக்குக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை, "சொல்லிட்டியா?" என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. அழைத்துப் பார்த்தேன், அவளுடைய தொலைபேசி அணைந்திருந்தது.

ஆட்டம் பிற்பகல். நான் வெள்ளெனவே மைதானத்துக்குப் போய் அணியின் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். பஸ் வந்தது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். தங்கச்சி என்னைக் கண்டாள், தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கடைசியாக இறங்கிய பெண்மணிதான் மொழிபெயர்ப்பாளர் என்று அவருடைய கழுத்து அட்டையில் தெரிந்தது. டூசல்டோர்ஃபில் நீண்ட காலம் வாழும் யப்பானியப் பெண், என் அம்மாவின் வயது இருக்கும். நான் யார் என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அணியின் வைத்தியர் வந்தார், தலை நரைத்த மெல்லிய மனிதர். தங்கச்சியை ஓரமாகக் கூப்பிட்டார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். விரலால் மூக்கைத் தொட்டாள். கோட்டில் நேராக நடந்தாள். அவர் ஏதோ கேட்கக் கேட்கச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கடைசியில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அவளோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

மொழிபெயர்ப்பாளர் திரும்பி வந்தார். "அடி எதுவும் படவில்லை என்கிறார் உங்கள் சகோதரி. அக்கா எப்போதும் அளவுக்கு மீறிக் கவலைப்படுபவர் என்றும் சொன்னார். வைத்தியருக்குப் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை."

"அணியின் கோல் காப்பாளரைக் கேளுங்கள். அவருடைய முழங்கால்தான் பட்டது."

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். கோல் காப்பாளர் ஏற்கெனவே பந்து பிடித்து உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். "இப்போது அவரைக் கூப்பிட முடியாது. இடைவேளையில் கட்டாயம் கேட்கிறேன். நான் உங்களை நம்புகிறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். அந்த நேரத்தில் அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

சனம் வந்தது. சங்கத்து அண்ணைமார், அக்காமார், பிள்ளைகள். அம்மாவின் ரோல்ஸ் பெட்டிகள். அப்பா வெள்ளைச் சேட் போட்டு, இரும்புக் கம்பி வேலியோரம் முதல் வரிசையில் கதிரைகளை விரித்து எல்லோரையும் இருத்தினார். ஆனால் அவர் இருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"வைத்தியர் பாத்தவர்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

"பாத்தவர். அவள் ஏமாத்திப் போட்டாள்."

அப்பா மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் பாதியில் தங்கச்சி நன்றாகவே விளையாடினாள். அதுதான் கொடுமை. பின்களத்தில் நின்று இரண்டு தரம் காலை நீட்டிப் பந்தைப் பறித்தாள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், "பாத்தியோ?" என்பது போல. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து தூரப் போன நேரமெல்லாம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தாள். கயிறு அவிழவில்லை. ஒருமுறை உயரப் பந்து வந்தபோது அவள் பாய்ந்து தலையால் முட்டினாள். என் வாய்க்குள் இரத்தம் ருசித்தது. உதட்டைக் கடித்திருக்கிறேன்.

இடைவேளையில் மொழிபெயர்ப்பாளரைத் தேடினேன். எல்லோரும் உடைமாற்றும் அறைக்குள் போயிருந்தார்கள். வாசலில் நின்ற இளைஞன் என்னை உள்ளே விடவில்லை. "வைத்தியரைக் கூப்பிடுங்கோ, அவசரம்" என்று ஜேர்மனில் சொன்னேன். குடும்பத்தவர்களுக்கு அனுமதி இல்லை என்றான். அவன் வேலை அது. கதவுக்குப் பின்னால் பயிற்சியாளரின் குரல் யப்பானிய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். பிறகு அடித்தேன். அவன் என் தோளைப் பிடித்து நகர்த்தினான். அணிகளை மைதானத்துக்கு அழைக்கும் விசில் எனக்குப் பின்னால் கேட்டபோதுதான் அவர்கள் வேறு வாசலால் வெளியே போயிருப்பது விளங்கியது.

ஓடி வந்தேன்.

அணிகள் பக்கம் மாறியிருந்தன. தங்கச்சி மாறவில்லை. முதல் பாதியில் நின்ற அதே இடத்தில், எதிரணிப் பெண்களுக்கு நடுவில், இடுப்பில் கை வைத்து நின்றாள். சனம் சிரித்தது. அவளுடைய அணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனாள். அவளும் சிரித்தபடியே போனாள். சங்கத்து அண்ணை ஒருவர், "ஊருக்கு வந்த சந்தோசத்தில பிள்ளைக்குத் திசை தெரியேல்ல" என்றார். அப்பாவும் சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றது.

அவர் கை பின்னாலிருந்து முன்னால் வந்து கம்பியைப் பிடித்தது.

எதிரணிக்குக் கோர்னர் கிடைத்தது. பெண்கள் எல்லோரும் கோலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள், முழங்கைகளும் தலைகளும் ஒன்றோடொன்று உரச. தங்கச்சி நடுவில். அவள் பந்தைப் பார்க்கவில்லை. அவள் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரையோ தேடுவது போல.

அப்பா வேலியில் காலைப் போட்டார். அறுபது வயது தாண்டிய மனிதர். வெள்ளைச் சேட் கம்பியில் கொழுவிக் கிழிந்தது. மற்றப் பக்கம் விழுந்து, எழும்பி, ஒரு கையை உயர்த்தியபடி மைதானத்துக்குள் நடந்தார். ஓடவில்லை. முறை வேலைக்குப் போகிறவர் போல நடந்தார். பந்தை உதைக்க வந்த பெண் அவரைக் கண்டு நின்றாள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். மஞ்சள் சட்டை போட்ட ஒழுங்குபடுத்துநர்கள் இரண்டு பேர் ஓடினார்கள். பின்னால் அம்மா, "ஐயோ, இவர் எங்க போறார்?" என்று கத்தினார். நானும் வேலியைத் தாண்டிவிட்டேன்.

அவர்கள் அப்பாவைப் பிடிக்கமுன் அவர் தங்கச்சியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் இரண்டு தோளையும் பிடித்தார்.

"மகள், வாங்கோ. வீட்ட போவம்."

அவள் மறுப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் கிழிந்த சேட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "மட்ச் துடங்கிட்டுதோ?"

ஒழுங்குபடுத்துநரின் கை அப்பாவின் தோளில் இருந்து தானாக விழுந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அப்பாவின் முகத்தைக் கண்டிருக்க வேண்டும்.

அடுத்து நடந்தவை விரைவாக நடந்தன. வைத்தியர் ஓடி வந்தார். கோல் காப்பாளர் தன் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் முன்னால் வந்து அழுதழுது ஏதோ சொன்னாள், தன் முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது. தங்கச்சியைப் புல்லில் படுக்க வைத்து, கழுத்துக்குப் பட்டி போட்டார்கள். அம்புலன்ஸ் வந்தது. நான் அவளோடு ஏறினேன். வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்வேன், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்பாள்.

வைத்தியசாலையில் தலையைப் படம் எடுத்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அம்மா பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். அப்பா சுவரோடு நின்றார். யப்பானிய வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரும் வந்து எங்களுக்கு எதிரே இருந்தார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் பேச்சை நிறுத்தாததால் கோல் காப்பாளரைக் கேட்க முடியாமல் போனது என்றார் மொழிபெயர்ப்பாளர். கடைசியில் ஒரு இளம் பெண் வைத்தியர் வெளியே வந்து, இரத்தக் கசிவு இல்லை, கடுமையான மூளை அதிர்ச்சிதான், கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்றார். அம்மா என் மடியில் தலையை வைத்து அழுதார். அப்பா கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். நீண்ட நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் இமைகள் வீங்கியிருந்தன.

யப்பானிய வைத்தியர் எழுந்து என்னிடம் வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம், "நான் உங்களிடம் நேராகப் பேசியிருக்க வேண்டும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவரைத் திட்ட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்து வந்தேன். திட்ட வரவில்லை.

அணி தங்கச்சியை விட்டுவிட்டு யப்பானுக்குப் போனது. அவள் எங்கள் வீட்டில் திரை மூடிய அறையில் கிடந்தாள். தொலைபேசி இல்லை, ரீவி இல்லை, சத்தம் இல்லை. அப்பாவோடு கதைத்தாள், அம்மா ஊட்டச் சாப்பிட்டாள். என்னோடு கதைக்கவில்லை. வேலை முடித்து ஒவ்வொரு பின்னேரமும் போய்க் கழுத்துப் பயிற்சி செய்வித்தேன். என் கைகளுக்குத் தலையைக் கொடுப்பாள், வாயைத் திறக்க மாட்டாள்.

அவள் முதலில் பேசியது ஒரு பின்னேரம், நான் அவள் கழுத்தைப் பிடித்திருந்தபோது.

"எல்லாருக்கும் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிப் போட்டாய்."

"நீ பொய்தானே சொன்னனி."

"அது என்ர முடிவு, அக்கா. என்ர தலை."

"அப்பாதான் உள்ளுக்கு வந்தவர். அவரோட ஏன் கோபம் இல்ல?"

"அவர் வரேக்க எனக்கு ஒண்டும் தெரியாது. நீ சொல்லேக்க எனக்கு எல்லாம் தெரியும்." பிறகு, "திரும்பவும் அப்பிடி ஒரு மட்ச் வந்தா நான் விளையாடத்தான் பாப்பன்" என்றாள்.

"நான் திரும்பவும் போய்ச் சொல்லுவன்."

"தெரியும்."

சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து என்னோடு கதைத்தாள், முதலில் சாப்பாடு, காலநிலை என்று மட்டும்.

இலையுதிர் காலத்தில் திரும்பிப் போனாள். அணி அவளை நீக்கவில்லை, ஆனால் அவளுடைய இடத்தில் புதியவள் நின்றாள். குளிர்காலம் முழுவதும் மாற்று ஆட்டக்காரியாக வெளியில் இருந்தாள். அவள் பயந்தது பாதி நடந்தது. வசந்தத்தில் புதியவள் காலில் அடிபட்டு வெளியேற, தங்கச்சி திரும்ப உள்ளே போனாள். இப்போதும் விளையாடுகிறாள். அப்பா கணினிக்கு முன்னால் நின்றபடியே பார்க்கிறார். உயரப் பந்து வந்தால் அம்மா குசினிக்குப் போய்விடுவார்.

தலையில் பட்டால் இப்போதெல்லாம் உடனே வைத்தியரிடம் போவதாகச் சொல்கிறாள். நம்புவதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோல் காப்பாளரின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. கைத்தொலைபேசி மொழிபெயர்த்துத் தரும் அரைகுறை வசனங்களில் நாங்கள் இருவரும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எழுதிக்கொள்கிறோம். தங்கச்சிக்கு இது தெரியாது.